நான்காம் பத்தி

டிசம்பர் வந்துவிட்டால்
லாஷ்வா நதிக்கரை ஊரின் நிலப் பதிவு அலுவலகத்தில்
ஆட்களை எண்ணுவது என் வேலை.
முப்பத்தோரு பேர்.
ஒருவர் என்றால் மூன்று புள்ளி இரண்டு சதவீதம்.
தலைமை அதிகாரி இஸ்மெத் ஆனாலும் அவ்வளவுதான்,
விடியுமுன் வந்து வாசல் பனியை வாரும்
காவலாளி ஆனாலும் அவ்வளவேதான்.

படிவத்தில் நான்கு பத்திகள்.
பொஸ்னியாக், குரோவாசியர், செர்பியர்,
ஓரத்தில், தாள் தீர்ந்துபோனதுபோல் ஒடுங்கி,
ஏனையோர்.

போர் முடிந்த பின் எழுதிய விதி.
எந்தக் கதவும் ஒரு கூட்டத்துக்கு மட்டும்
திறக்கக் கூடாதென்று.
நல்ல விதி, அதையும் சொல்லிவிட வேண்டும்.
அது இல்லாவிட்டால்
இந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்து
என்னை எண்ணாமல் விட்டிருப்பார்கள்.

பத்து மணிக்குக் காப்பி.
இஸ்மெத்துக்கு அது கஹ்வா.
ஃபின்காவுக்குக் கவா.
மிலோராதுக்குக் கஃபா.
பொங்கி வழிவது ஒரே செம்புக் குவளையிலிருந்துதான்.
ஸ்லாவென் பெயர் சொல்ல மாட்டான்,
கோப்பையை நீட்டுவான்.

நிலவறையில் ஆவணக் கிடங்கு அவனுடையது.
நதி எந்த ஆண்டு எந்தப் பக்கம் நகர்ந்தது,
யாருடைய பிளம் தோப்பு
யாருடைய வரைபடத்துக்குள் போய்விட்டது
எல்லாம் அவனுக்கு விரல்நுனி.
பதினோரு வருடமாகத் தற்காலிகம்.
அப்பா ஒரு பத்தி, அம்மா ஒரு பத்தி,
நடுவில் இருக்கிற கோடு நான், என்பான்.
சிரிக்காமல் சொல்வான்.

அக்டோபரில் மிலோராத் ஓய்வு பெற்றார்.
கேக் வெட்டினோம். குடையை மறந்துவிட்டுப் போனார்.
நான்கு செர்பியர் மூன்றானார்கள்.
மேலிடத்திலிருந்து கடிதம்:
சமநிலை குறைந்துள்ளது. நிரந்தரப் பணியிடம் ஒன்று.
மூன்றாம் பத்திக்கு.

இஸ்மெத் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:
"ஸ்லாவெனோட அப்பா செர்பியர்தானே.
பொய் இல்லையே இது.
பாதி உண்மை."

படிவத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
ஈரக் காகித வாசனை.
விரல் முனைகள் வெட்டிய கையுறையோடு
அவன் ஒரு கோப்புக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தான்.
"எவ்வளவு நாளைக்கு?"
"ஓய்வு பெறும்வரை."
"அம்மாகிட்ட என்ன சொல்றது?"
"படிவத்தில் அம்மாவுக்கு இடமில்லை."

சொல்லி முடித்த பிறகுதான்
எனக்கே அது காதில் விழுந்தது.

அவன் மகளுக்குப் பல்லில் கம்பி போட வேண்டும்.
வங்கி, நிரந்தரம் என்ற சொல்லுக்குத்தான் கடன் தரும்.
நூலை முடிச்சுப் போட்டான், பல்லால் அறுத்தான்,
கையெழுத்திட்டான்.
எப்போதும் பெரிதாக எழுதுபவன்,
அன்று தன் பெயரை
ஒரு எறும்பு நடந்த அளவுக்கு எழுதினான்.

மறுநாள் பத்து மணி.
ஃபின்கா குவளையோடு வந்தாள்.
ஸ்லாவென் கோப்பையை நீட்டவில்லை.
"ஒரு கஃபா," என்றான்.
யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
அவ்வளவு கவனமாக
யாரும் நிமிர்ந்து பார்க்காததை
நான் அதுவரை பார்த்ததில்லை.
ஃபின்காவின் கை ஒரு கணம் காற்றில் நின்று
பிறகு ஊற்றியது.
மிலோராதின் குடை இன்னும் ஆணியில் தொங்கியது.

சதவீதம் சரியானது.
இஸ்மெத் என் தோளில் தட்டினார்.
ஸ்லாவென் மாடிக்கு வந்தான், ஜன்னல் ஓர மேசை.
நிலவறைக்கு அவனே பூட்டுப் போட்டான்.
மூத்த ஆவணக் காப்பாளர் என்று
கதவில் பித்தளைத் தகடு.
மகளின் புகைப்படத்தை வைத்தான்,
வாயை மூடிச் சிரிக்கும் பழைய படம்.

ஜனவரியில் இன்னொரு கடிதம்.
நான்காம் பத்தி: பூஜ்யம்.
விளக்கம் தருக.

கீழே ஏழு கோடுகள் போட்டு
இடம் விட்டிருக்கிறார்கள்.
பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.
வெளியே பனி, வேலிகளின் மேல்,
எல்லைக் கற்களின் மேல், விழுகிறது.
கீழே யாராவது ஒரு வரைபடம் கேட்டு வந்தால்
எந்த அலமாரி என்று
இப்போது யாருக்கும் தெரியாது.